பாட்டில் தண்ணீர் என்று சொன்னேன்

நான் வேலை பார்க்கும் அரசுத் தொடக்கப் பள்ளி நல்லூரில் ஒரு குறுகிய வீதியின் கடைசியில் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனி. மிஷின் ஓடும்வரை நானும் பிள்ளைகளும் கத்தித்தான் பேச வேண்டும். திடீரென்று மிஷின் நின்றால் எங்கள் கத்தல் மட்டும் தனியாகக் கேட்கும். எங்களுக்கே கூச்சமாகிவிடும்.

அந்தக் கம்பெனிக்காரர் வீட்டு மருமகள் எங்கள் ஆண்டு விழாவுக்கு வந்திருந்தார். வெளிநாட்டில் டிசைன் படித்தவர். விழா முடிந்து காபி குடிக்கும்போது என்னிடம் கேட்டார்.

"டீச்சர், பசங்களை எப்பவாச்சும் ஆர்ட் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

"இன்னும் இல்லீங்க. இந்த வருசம் போகலாமுன்னு இருக்கறோமுங்க" என்றேன்.

அப்படி ஒரு யோசனையே எங்களுக்கு இருந்ததில்லை. பிள்ளைகள் இருக்கட்டும், நானே அதுவரை ஓவியக் கூடம் எதற்குள்ளும் போனதில்லை. குண்டடம் பக்கம் பிறந்து வளர்ந்து, தாராபுரத்தில் படித்து, இங்கே வாக்கப்பட்டு வந்தவள் நான். கோயம்புத்தூருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க, மாமனாருக்கு ஆஸ்பத்திரியில் துணையிருக்க, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு. ஓவியம் பார்ப்பதற்கென்று ஒரு கட்டடம் இருப்பதும், அதற்குள் போவதற்கு எனக்கும் உரிமை உண்டு என்பதும் எனக்குத் தோன்றியதே இல்லை. இதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் எல்லாம் தெரிந்தவள் போலத் தலையாட்டினேன்.

அவர் சும்மா கேட்கவில்லை. அடுத்த வாரமே கோயம்புத்தூரில் ஒரு ஓவியக் கூடத்துக்குப் போக ஏற்பாடு செய்துவிட்டார். ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ் ஒருநாள் எங்களுக்கு. மத்தியானச் சாப்பாடும் கம்பெனி கேன்டீனிலிருந்து. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் போவது என்று தலைமையாசிரியர் முடிவு செய்தார். இரண்டும் என் வகுப்புகள்.

எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். அதற்கு முந்தைய வருடம் ஒரு அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே ஒரு தனியார் பள்ளி ஆசிரியை, "கவர்மென்ட் ஸ்கூலா? அதான் இவ்வளவு சத்தம்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. இந்தத் தடவை யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்று மனதுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம் ஒத்திகை வைத்தேன். வகுப்புச் சுவரில் நகைக்கடை, மளிகைக்கடைக் காலண்டர்களை வரிசையாக மாட்டினேன். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, இன்னொரு கையின் விரலை வாயில் வைத்தபடி, ஒவ்வொரு காலண்டர் முன்னாலும் நின்று பார்த்துவிட்டு நகர வேண்டும். காலண்டரில் இருந்ததெல்லாம் சாமி படங்கள் என்பதால் ஒரு பையன் ஒவ்வொன்றின் முன்னாலும் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தான். மற்றபடி ஒத்திகை நன்றாகவே நடந்தது.

"மியூசியத்துல டைனோசர் இருக்குமுங்களா மிஸ்?" என்று ஒருவன் கேட்டான்.

"இருக்காது. படம்தான் இருக்கும். சத்தமே வரக் கூடாது. எதையும் தொடக் கூடாது. அப்புறம் இன்னொண்ணு. அங்க போயி ஒண்ணுக்கு வருது, ரெண்டுக்கு வருதுன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. எல்லாரும் பஸ் ஏறறதுக்கு முந்தியே போயிட்டு வந்தரோணும். அங்க வந்து என்ர மானத்த வாங்கிப்போடாதீங்க, கண்ணுகளா."

"சரீங்க மிஸ்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மறுநாள் காலை பஸ் வந்தது. எனக்குத் துணையாக வர, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியான ஓர் அக்கா தன் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தார். தைத்த துணிகளில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை செய்பவர். அவருடைய மகன் நான்காம் வகுப்பில் இருந்தான். அவர் பின் சீட்டில் உட்கார்ந்து பையன்களைப் பார்த்துக்கொள்ள, நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

என் பக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். பஸ்ஸில் வாந்தி வரும் என்பதால் முன்னால் இடம் கொடுத்தேன். அவளுடைய அப்பாவும் அம்மாவும் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அம்மா ஒரு கம்பெனியில், மிஷின்கள் வரிசையாக நிற்கும் தையல் லைனில் இருக்கிறார். வகுப்பில் இவள் அதிகம் பேச மாட்டாள். சொன்னதைச் செய்வாள். அன்று அவள் கையில் ஒரு புதுத் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஊதா நிறம், மூடியைத் தட்டினால் ஸ்ட்ரா மேலே எழும்பும். இந்தப் பயணத்துக்கென்றே அம்மா வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஸ்ட்ரா எழும்புவதைப் பார்க்கவே அவள் திரும்பத் திரும்ப மூடியைத் தட்டினாள். தட்டியதற்காக ஒரு வாய் குடித்தாள். அவிநாசி ரோட்டில் பாலம் வேலை நடக்கும் இடத்தில் பஸ் வெகுநேரம் நின்றது. அங்கேயும் குடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அதைப் பார்க்க வேடிக்கையாக இருந்ததே தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சொன்ன நேரம் தாண்டிவிட்டிருந்தது. வாசலில் காவலாளி பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் வாங்கி ஒரு மேஜைக்குக் கீழே அடுக்கினார். உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். அப்போது ஒரு பையன் என் முந்தானையை இழுத்து, "மிஸ், ஒண்ணுக்கு..." என்று ஆரம்பித்தான். நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணை உருட்டி ஒரு பார்வை பார்த்தேன். அவன் வரிசைக்குத் திரும்பிப் போய்விட்டான். வரிசையில் நின்ற மற்றவர்களும் அதைப் பார்த்தார்கள்.

உள்ளே ஏசி. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அப்படியொரு குளிர் புதிது. பளிங்குத் தரை, வெள்ளைச் சுவர், ஒவ்வொரு படத்தின் மேலும் தனி விளக்கு. எங்களைச் சுற்றிக்காட்ட ஒரு இளம்பெண் வந்தார். பருத்திப் புடவை, சிரித்த முகம். பிள்ளைகள் ஒரு கையை முதுகில் கட்டி, விரலை வாயில் வைத்து, சின்னச் சத்தம்கூட இல்லாமல் வரிசையாக நுழைந்ததைப் பார்த்து, "அடேங்கப்பா, இவ்வளவு டிசிப்ளினா!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்த மகிழ்ச்சி முதல் படம்வரைதான் இருந்தது.

கதவு அளவுக்குப் பெரிய ஓவியம் அது. ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறாள். அறைக்குள் இருட்டு, ஜன்னலுக்கு வெளியே மங்கலான வெளிச்சம். வேறொன்றும் இல்லை. அந்த இளம்பெண் பிள்ளைகளைத் தரையில் உட்காரச் சொன்னார். அவரும் உட்கார்ந்தார்.

"இந்தப் படத்துல என்னெல்லாம் தெரியுது? யாரு வேணாலும் சொல்லலாம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. விரல்கள் உதட்டிலேயே இருந்தன.

"தப்பான பதில்னு ஒண்ணுமே கிடையாது. சும்மா தோணுறதைச் சொல்லுங்க."

எனக்குப் பதற்றமாகிவிட்டது. "சொல்லுங்க கண்ணு, மேடம் கேக்கறாங்கல்ல?" என்றேன். ஒரு பெண் எழுந்து என் முகத்தைப் பார்த்தபடியே, "பொம்பளைங்க" என்றாள். இன்னொருவன் என் முகத்தைப் பார்த்தபடியே, "ஜன்னலுங்க" என்றான். இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் ஓவியத்தைப் பார்க்கவே இல்லை. அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லப்போகும் பதில் சரியா தப்பா என்று என் முகத்தில் தேடினார்கள்.

அந்த இளம்பெண் எழுந்து என் அருகில் வந்து, மிகவும் தணிந்த குரலில் சொன்னார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்ச நேரம் அடுத்த ஹாலைப் பார்த்துட்டு இருக்கீங்களா? நான் பேசிப் பார்க்கிறேன்."

முகம் சுடுவது எனக்கே தெரிந்தது. "ஆகட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். என் வகுப்பிலிருந்தே என்னை வெளியே அனுப்பியது போல இருந்தது.

அடுத்த கூடத்தில் நான் மட்டும்தான். சுவர் நிறைய படங்கள். ஒன்றன்முன் போய் நின்றேன். சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ இருந்தது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், ஒன்றும் புரியவில்லை. கீழே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். படித்த பிறகும் புரியவில்லை. கூரை மூலையிலிருந்த கேமராவுக்குத் தெரியட்டும் என்று, ரசிப்பவள் போலத் தலையைச் சாய்த்து நின்றேன்.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். பிறகு பேச்சு. ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு எங்கள் பிள்ளைகள் பேசினார்கள்.

"அவங்க நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து நிக்கறாங்க."

"இல்ல, இனிமேத்தான் ஷிப்டுக்குப் போகோணும். பஸ்ஸு வருதான்னு பாக்கறாங்க."

"திரும்புனா அழுதுபோடுவாங்க. அதான் திரும்பல."

இந்தக் குரல்களை நான் என் வகுப்பில் கேட்டதில்லை. சந்தோஷப்பட வேண்டியவள், சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பொறாமைப்பட்டேன். அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். திடீரென்று அந்தப் பக்கம் பேச்சு அடங்கியது. யாரோ "ஐயே" என்றார்கள். நான் ஓடினேன்.

பிள்ளைகள் எழுந்து விலகி வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில், புது பாட்டில்காரப் பெண். அவள் காலடியில் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது. பளபளப்பான தரையில், விளக்கு வெளிச்சத்தில், அது மெதுவாக ஓவியத்தின் பக்கம் நீண்டது. பாவாடையெல்லாம் நனைந்திருந்தது. அவள் அழவில்லை. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, இன்னொரு கையின் விரலை வாயில் வைத்தபடி நின்றாள். நான் சொல்லிக்கொடுத்ததுபோலவே நின்றாள்.

காவலாளி வந்தார். "என்னாச்சுங்க?" என்றார்.

"பாட்டில் தண்ணிங்க. பாட்டில் கொட்டிருச்சு" என்று என் வாய் சொன்னது.

"பாட்டிலெல்லாம் வாசல்லயே வாங்கி வெச்சாச்சுங்களே, மேடம்" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. குழம்பிப்போய்த்தான் சொன்னார். நான் தரையைப் பார்த்தேன். அந்த இளம்பெண் என்னைப் பார்த்தார். அக்கா தன் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அந்தப் பெண் தெளிவாகச் சொன்னாள்.

"மிஸ், தண்ணி இல்ல மிஸ். நாந்தான் ஒண்ணுக்கு இருந்துட்டேன்."

அவளைக் காப்பாற்றவே அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். அவளைக் காப்பாற்றுவதென்றால் முதலில் அவள் பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும். நான் போகவில்லை. ஈரத்துக்கு இந்தப் பக்கம், புடவை நுனி நனையாத தூரத்தில் நின்றுகொண்டு காவலாளியிடம் பேசினேன். அந்தக் கணத்தில் என் நினைப்பிலிருந்தது ஒரே ஒரு ஆள்தான். அது நான்.

சில பையன்கள் சிரித்தார்கள். ஆனால் வாசலில் நான் கண்ணை உருட்டிப் பார்த்த பையன் சிரிக்கவில்லை. "மிஸ், எனக்கும் வருதுங்க" என்றான். "எனக்குமுங்க" என்றாள் இன்னொருத்தி. அவ்வளவுதான், அணை உடைந்ததுபோல எல்லாப் பக்கமிருந்தும் "எனக்குமுங்க, எனக்குமுங்க" என்று குரல்கள். பாதி வகுப்புக்கு மேல் அடக்கிக்கொண்டுதான் அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

"வாங்க வாங்க, இந்தப் பக்கம்" என்று அந்த இளம்பெண் எல்லோரையும் கூட்டிக்கொண்டு நடந்தார். போகிறபோது என் கையைத் தொட்டு, "பரவாயில்லை மேடம். என் தப்பு. எந்த ஸ்கூல் வந்தாலும் டாய்லெட் எங்கே இருக்குன்னுதான் முதல்ல காட்டுவோம். உங்க பிள்ளைங்க அவ்வளவு அமைதியா வரவும் நான் மறந்தே போயிட்டேன்" என்றார்.

அந்த ஆறுதலுக்குப் பதிலாக அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அக்கா அந்தப் பெண்ணைக் கையோடு கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் கால் கழுவிவிட்டார். மாற்றுத் துணி இல்லை. டிரைவரிடம் கேட்டதில், பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் துடைக்கப் போட்டிருந்த ரிஜெக்ட் பீஸ் கட்டிலிருந்து பெரியவர்கள் போடும் ஒரு டி-சர்ட் கிடைத்தது. கழுத்துத் தையல் கோணலாகப் போனதால் கழித்துவிட்டது. பச்சை நிறத்தில் ஏதோ வெளிநாட்டு எழுத்து. அவளுக்கு அது முழங்காலுக்குக் கீழே வந்தது. அக்கா தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கழுத்துப் பக்கம் மடித்துக் குத்திவிட்டார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு, கவுன் மாதிரி" என்றார்.

மற்றப் பிள்ளைகள் திரும்ப உள்ளே போனார்கள். இவள் வர மாட்டேன் என்றாள். நான் இவளோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?"

"கேக்கக் கூடாதுன்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க."

"நான் சொன்னது தப்பு கண்ணு."

அவள் டி-சர்ட்டிலிருந்த எழுத்தை விரலால் தடவினாள். "அடக்குனேன் மிஸ். எங்கம்மா சொல்லிக்குடுத்த மாதிரியே அடக்குனேன்" என்றாள்.

"அம்மா என்ன சொல்லிக்குடுத்தாங்க?"

"காலை மாத்தி மாத்தி வச்சு நிக்கணும். வேற எதையாச்சும் நெனைக்கணும். தண்ணியப் பத்தி மட்டும் நெனைக்கக் கூடாது. எங்கம்மா கம்பெனில பாத்ரூம் போறதுக்கு டோக்கன் இருக்கு மிஸ். லைனுக்கு ஒரே டோக்கன்தான். வேற அக்கா அதை எடுத்துட்டுப் போயிட்டா அவங்க வர்ற வரைக்கும் அடக்கணும். எங்கம்மா நல்லா அடக்கும். எனக்குத்தான் வரல."

டோக்கன் விஷயம் எனக்குத் தெரியாததல்ல. எல்லாக் கம்பெனியிலும் இல்லை, சில இடங்களில் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப்பேர் லைனில் இருப்பவர்கள். "இதென்னங்க அநியாயம்" என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நான் சொல்லியும் இருக்கிறேன். அதையேதான் காலண்டர் மாட்டிய என் வகுப்பறையில் நானும் செய்தேன். நான் டோக்கன்கூடத் தரவில்லை.

"மிஸ், நீங்க ஏன் பாட்டில் தண்ணின்னு சொன்னீங்க?"

"வெக்கமா இருந்துச்சு."

"யாருக்கு மிஸ்?"

"எனக்கு."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "நீங்களா மிஸ் ஒண்ணுக்கு இருந்தீங்க?" என்றாள். கேட்டுவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தபோது என் கண் நனைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை.

"உள்ளார போலாமா? நான் அந்தப் படத்தைச் சரியாவே பாக்கல. நீ காட்டறியா?" என்று கேட்டேன்.

பிள்ளைகள் வேறு கூடத்துக்குப் போய்விட்டதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு அவள் வந்தாள். தரையைத் துடைத்துவிட்டிருந்தார்கள். பினாயில் வாசம் வந்தது. இருவரும் ஜன்னலோரப் பெண்ணின் முன்னால் நின்றோம்.

"இங்க பாருங்க மிஸ்" என்று தொடாமல் தூரத்திலிருந்தே விரல் நீட்டிக் காட்டினாள். "ஒரு காலு மேல இன்னொரு காலு வச்சுருக்காங்கல்ல? அவங்களுக்கும் வருது மிஸ். போகாம நிக்கிறாங்க."

நான் பார்த்தேன். அவள் சொன்னதுபோலவே, புடவைக் கரைக்குக் கீழே, ஒரு பாதத்தின் மேல் மற்றொரு பாதம் அழுந்தியிருந்தது. தோள் கொஞ்சம் ஏறியிருந்தது. படம் வரைந்தவர் என்ன நினைத்து வரைந்தாரோ எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு முன் நான் அந்தப் பெண்ணின் பாதத்தைப் பார்க்கவே இல்லை.

"இதை அந்த மேடம்கிட்டச் சொன்னியா?"

"சொல்லணும்னு கையைத் தூக்குனேன் மிஸ். அதுக்குள்ள வந்துருச்சு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. எல்லோரும் கழிப்பறை வரிசையில் நின்றவர்கள்தானே. அக்கா முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் டோக்கனைப் பற்றிக் கேட்டேன்.

"எங்க கம்பெனில அதெல்லாம் இல்லீங்க டீச்சர்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனாலும் எந்திரிச்சுப் போனா சூப்பர்வைசர் ஒரு மாதிரியாப் பாப்பாருங்க. அதுக்காகவே மத்தியானம் வரைக்கும் நாங்க யாரும் தண்ணி குடிக்கறதில்லீங்க. பழகிப்போச்சுங்க" என்றார்.

அந்த ஒரு மாதிரியான பார்வை எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. வாசலில் நானே பார்த்த பார்வைதான்.

மறுநாள் காலை, மணி அடிப்பதற்கு முன்பே, அந்தப் பெண்ணின் அம்மா பள்ளி வாசலில் நின்றிருந்தார். கையில் பிளாஸ்டிக் கவர். நான் தயாராகத்தான் போனேன். என்ன கேட்டாலும் கேட்கட்டும், பதில் பேசக் கூடாது, தலை குனிந்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் கவரை நீட்டினார். உள்ளே பச்சை டி-சர்ட், துவைத்து மடித்திருந்தது. அக்காவின் ஊக்கும் அதிலேயே குத்தியிருந்தது.

"மன்னிச்சுக்கங்க டீச்சர்" என்றார். "அத்தனை பேருக்கு முன்னாடி பிள்ளை உங்க மானத்த வாங்கிட்டாளாம். அவளே வந்து சொன்னா. ராத்திரி நல்லா கண்டிச்சு விட்டிருக்கேன். இனிமே இப்படி நடக்காது."

"அடிச்சுட்டீங்களா?" என்றேன்.

"லேசாத்தான் டீச்சர்."

"ஐயோ, அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க. நாந்தானுங்க யாரும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிவெச்சேன். தப்பு என்னோடதுங்க. நீங்கதான் என்னை மன்னிக்கோணும்."

அவர் சிரித்தார். "உங்களுக்குப் பெரிய மனசு டீச்சர். அதனால அப்படிச் சொல்றீங்க."

"பெரிய மனசெல்லாம் இல்லீங்க. நெசமாத்தான் சொல்றனுங்க."

வீதி முனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. "வாரேன் டீச்சர், லேட்டானா கேட்டைச் சாத்திருவாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை. ஒரு ஆசிரியை தன்னிடம் மன்னிப்புக் கேட்பது அவருக்கு மரியாதைப் பேச்சாகத்தான் தெரிந்தது. நான் எப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. மானம் என்ற வார்த்தை மட்டும் என் வாயிலிருந்து கிளம்பி, பிள்ளை வழியாக அவர்கள் வீட்டுக்குப் போய், அடியாக விழுந்து, மன்னிப்பாகத் திரும்பி வந்திருந்தது.

வகுப்புக்குள் போனதும் முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னேன். நேற்று நடந்தது அவளுடைய தப்பு இல்லை, மிஸ்ஸுடைய தப்பு என்று. பிறகு, இனி யாருக்கு வந்தாலும் என்னைக் கேட்க வேண்டாம், எழுந்து போய்விட்டு வரலாம் என்றேன். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் ஏதாவது சூழ்ச்சி இருக்குமோ என்று தேடுவதுபோல. அன்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கப்புறம் ஒரு பையன் துணிந்து எழுந்து வாசல்வரை போய், திரும்பி என்னைப் பார்த்தான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் போய்விட்டு வந்தான். அடுத்த வாரம் முழுக்க வகுப்பே கழிப்பறைக்கும் பெஞ்சுக்குமாக அலைந்தது. "என்னங்க டீச்சர், வகுப்பு நடக்குதா, சந்தை நடக்குதா?" என்று தலைமையாசிரியர் வந்து கேட்டார். காரணத்தை முழுதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கொஞ்ச நாள்ல சரியாயிருமுங்க சார்" என்றேன். சரியாகவும் ஆயிற்று. இப்போது தேவைப்பட்டவர்கள் போகிறார்கள், வருகிறார்கள். பாடம் நடக்கிறது.

அந்தப் பெண் மட்டும் இன்னும் கேட்கிறாள். எழுந்து நின்று, "மிஸ், போகட்டுமா?" என்கிறாள். கேட்க வேண்டாம் கண்ணு, போயிட்டு வா என்கிறேன். சரி மிஸ் என்று தலையாட்டிவிட்டுப் போகிறாள். அடுத்த தடவையும் எழுந்து நின்று கேட்கிறாள்.